தாத்தாவின் ‘நீராவி’ கார்!

1994-ஆம் வருடம் கல்லிடைக்குறிச்சியில் நான் ஒரு காரை எடைக்குப் போட்டேன். கிலோ மூன்றரை ரூபாய். மொத்தம் 900 கிலோ. கைக்கு வந்தது 3,150 ரூபாய். பழைய பேப்பர் போடுகிறவர்கள்கூட தராசு முள்ளை ஒரு தடவை உற்றுப் பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பொறுப்பும் இல்லை. வியாபாரி சொன்ன எடையை அப்படியே ஒப்புக்கொண்டு, “பாக்கி நூறு ரூபாயை நாளைக்கே குடுத்திருங்க அண்ணாச்சி” என்று மட்டும் கறாராகச் சொன்னேன்.

அந்தப் பணத்தோடு ஆபீஸ் சொஸைட்டியில் கடன் போட்டு ஒரு டி.வி.எஸ். மொபெட் வாங்கினேன். இந்த மொபெட்டைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

எடைக்குப் போனது என் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் ஆஸ்டின். வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் கிடந்தது. டயர் இல்லை, ஸீட் இல்லை. பின்பக்கம் மட்டும் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு டிரம், சாமியாடியின் முதுகில் மூட்டை கட்டினமாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். கோழிகள் அதற்குள்தான் முட்டை இடும்.

ஊரில் தாத்தாவுக்கு ‘ஸ்டீம் கார் தாத்தா’ என்றே பெயர். “யுத்த சமயத்துல பெட்ரோல் ஏதுடே? ஊரே நடந்து போச்சு. நான் நீராவி கார்ல அம்பாசமுத்திரத்துக்கும் பாபநாசத்துக்கும் சவாரி அடிச்சேன்” என்பார். கல்யாண வீட்டுப் பந்தியில் ரசம் வருவதற்குள் இதை ஒரு தடவை சொல்லிவிடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. 1989-ல் காலமாகிவிட்டார். ஐந்து வருடம் கழித்து பேரப்பிள்ளை காரை எடைக்குப் போட்டுவிட்டான்.

தண்ணி எங்க, சார்வாள்?

2010 ஆகஸ்டில் பத்திரிகைகளில் ஒரு செய்தி. 1855-ல் இங்கிலாந்தில் செய்த ஒரு நீராவி ரயில் எஞ்சினைச் சென்னை பெரம்பூர் பட்டறையில் பழுதுபார்த்து, சுதந்திர தினத்தன்று சென்ட்ரலிலிருந்து ஆவடிவரை ஓட்டிக் காட்டியிருந்தார்கள். ஆபீஸ் கான்டீனில் எல்லோரும் வியந்துகொண்டிருந்தபோது எனக்குப் பரம்பரை ரத்தம் கொதித்துவிட்டது. “இதென்ன பிரமாதம்? எங்க தாத்தா நீராவி காரே வச்சிருந்தாரு!” என்றேன்.

பக்கத்து ஸீட்காரரின் மாமா அன்றைக்கு ஏதோ மனு விஷயமாக வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வீரவநல்லூர் பக்கம் பழைய மெக்கானிக். எண்பதைத் தாண்டிய வயது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“காருல பின்னால டிரம் இருந்துதா?”

“ஆமா!”

“அதுல என்ன போடுவாவ?”

“கரி.”

“சரி, தண்ணி எங்க ஊத்துவாவ?”

நான் யோசித்தேன். தாத்தா சொன்ன நூறு கதையில் ஒன்றில்கூடத் தண்ணீர் வரவில்லை. ரேடியேட்டருக்கு ஊற்றியிருப்பார், அது எல்லாக் காருக்கும் உண்டு.

“நீராவின்னா தண்ணி கொதிக்கணும்லா, சார்வாள்? ஒங்க தாத்தா வச்சிருந்தது நீராவி காரு இல்ல. கரி கேஸ் காரு. நானே சின்னப் பயலா இருக்கையில அதுக்குக் காத்தாடி சுத்தியிருக்கேன்” என்றார்.

கான்டீனே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே கல்லிடைக்குறிச்சிக்கு பஸ் ஏறிவிட்டேன். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அவருடைய கணக்கு நோட்டு ஒன்று இருந்தது எனக்குத் தெரியும்.

நோட்டில் பாபநாசம் சவாரி, ஆழ்வார்குறிச்சி சவாரி, கரி ஒரு மூட்டை, கிளீனர் படி நாலணா என்று வரிசையாக எழுதியிருந்தார். முதல் பக்கத்தில் ‘டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் மாட்டிய கூலி’ என்று ஒரு வரி. நோட்டுக்குள் மடித்த காகிதம் ஒன்று: காரின் ஆர்.சி. புத்தகம். காரை விற்றபோது இதை யாரும் கேட்கவும் இல்லை, நான் தேடவும் இல்லை.

மெக்கானிக் சொன்னதே சரி. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்களும் கார்களும் நின்றுபோகாமல் இருக்க இந்த டிரம்மை மாட்டினார்கள். டிரம்முக்குள் கரியை முழுசாக எரியவிடாமல் காற்றைக் குறைத்துக் கனியவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு வாயு வரும். அதை வடிகட்டி, குளிரவைத்து, அதே பெட்ரோல் எஞ்சினுக்குள் அனுப்பினால் அது எரிந்து வண்டி ஓடும். சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். மேட்டில் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். “டிக்கெட்டும் எடுக்கணும், வண்டியும் தள்ளணும்” என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். காலையில் கிளீனர் ஒரு கைப்பிடியைப் பிடித்துக் காற்றாடியைச் சுற்றோ சுற்றென்று சுற்றி நெருப்பை எழுப்ப வேண்டும். நாலணா படி அதற்குத்தான்.

டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்டைக் கொண்டுவந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் நம் திருக்குறுங்குடிக்காரர். 1877-ல் பிறந்தவர். 1911-ல் மோட்டார் தொழிலில் இறங்கியவர். ஆக, திருநெல்வேலிச் சீமைக்காரர் தயாரித்த கேஸ் பிளான்ட்டை எடைக்குப் போட்டு, அதே பெயர் போட்ட மொபெட்டை வாங்கியிருக்கிறேன். (ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா!)

அசல் நீராவி கார்

தாத்தாவுடையது நீராவி கார் இல்லையென்றால், எதுதான் நீராவி கார்? கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. தேடித் தேடிப் படித்தேன்.

நீராவி கார் என்பது பெட்ரோல் காருக்குத் தம்பி இல்லை, அண்ணன். அமெரிக்காவில் ஸ்டான்லி என்ற இரட்டைச் சகோதரர்கள் 1897-லேயே ஒன்றைச் செய்து ஓட்டினார்கள். ஒரு அடுப்பு, அதன்மேல் பாய்லர், பாய்லரிலிருந்து வரும் நீராவி நேரே பிஸ்டனைத் தள்ளும். கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது. பின்னால் போக வேண்டுமா? எஞ்சினே திரும்பிச் சுற்றும். சத்தம்? அடுப்பின் உஸ்ஸென்ற மூச்சைத் தவிர ஒன்றுமில்லை.

வேகத்தில் குறைச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். 1906-ல் ஃபுளோரிடா கடற்கரையில் பிரெட் மாரியட் என்பவர் ஸ்டான்லி காரை மணிக்கு 205 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். நீராவி கார்களில் அந்தச் சாதனையை முறியடிக்க 2009 வரை, 103 வருடம் ஆனது!

அப்புறம் ஏன் ஒழிந்தது? காலையில் அடுப்புப் பற்றவைத்துக் கிளம்ப இருபது, முப்பது நிமிஷம் ஆகும். ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பிப் பத்து மணி ஆபீஸுக்குப் போகிற ஜாதிக்கு அது சரிப்படுமா? வழியில் அடிக்கடி நிறுத்தித் தண்ணீரும் பிடிக்க வேண்டும். 1908-ல் ஃபோர்டின் மலிவு கார் வந்தது. 1912-ல் பட்டனை அமுக்கினால் கிளம்பும் ஸெல்ஃப் ஸ்டார்ட்டர் பெட்ரோல் காருக்கு வந்தது. கதை முடிந்தது. ஸ்டான்லி கம்பெனி 1924-ல் கதவைச் சாத்தியது.

பாய்லர்தான் இதன் உயிர். நம் வீட்டு பிரஷர் குக்கரில் இருக்கும் அழுத்தத்தைப்போல சுமார் 40 மடங்கு ஸ்டான்லி பாய்லரில் இருக்கும். அதனால் ஒரு பழைய நீராவி வண்டியை உயிர்ப்பிக்கிறவர்கள் பெயின்ட் டப்பாவைக் கடைசியில்தான் திறப்பார்கள். முதல் வேலை, பாய்லருக்குள் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, ஓடும்போது இருப்பதைப்போல ஒன்றரை மடங்கு அழுத்தம் கொடுத்துப் பார்ப்பது. ஏன் நீராவியில் சோதிப்பதில்லை? நீராவி ஸ்பிரிங் மாதிரி. அமுங்கிக் கிடந்து, ஓட்டை கிடைத்தால் வெடித்துக் கிளம்பும். தண்ணீர் அமுங்காது. பாய்லரில் விரிசல் இருந்தால் சொட்டும், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துவிடுகிற மாதிரி!

மவுண்ட் ரோடும் ஆழ்வார்குறிச்சியும்

இப்படிப் படித்துக்கொண்டே போனபோது ஒரு இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இந்தியாவின் முதல் நீராவி காரைச் செய்த ஊர் எது? பம்பாயும் இல்லை, கல்கத்தாவும் இல்லை. நம் சென்னை. மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனி. 1840-ல் குதிரை வண்டி கட்டும் பட்டறையாக ஆரம்பித்த வெள்ளைக்காரக் கம்பெனி அது. கவர்னர்களுக்கும் ராஜாக்களுக்கும் கோச் வண்டி கட்டிக் கொடுத்தது. 1903-ல் அங்கே சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவி கார் ஒன்றைக் கட்டி ஓட்டினார். அதே பட்டறை கட்டிய நீராவி பஸ் ஒன்று பெஜவாடாவுக்கும் மசூலிப்பட்டணத்துக்கும் இடையில் ஓடியது.

நான் நிமிர்ந்தது அதற்காக இல்லை. அந்தக் கம்பெனி பிற்பாடு யார் கைக்கு வந்தது தெரியுமா? ஆழ்வார்குறிச்சிக்காரர் எஸ். அனந்தராமகிருஷ்ணன் கைக்கு! கல்லிடைக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறினால், கண் அசந்து விழிப்பதற்குள் வந்துவிடுகிற ஊர் ஆழ்வார்குறிச்சி. பக்கத்தில் ஓடும் கடனாநதி கொஞ்ச தூரத்தில் தாமிரபரணியில் கலக்கிறது. அங்கிருந்து போனவர் 1930-களில் சிம்சனில் செயலாளராகச் சேர்ந்தார். 1940-களில் அவரே தலைவர். அமால்கமேஷன்ஸ் என்ற பெரிய குழுமமே அவர் கட்டியது. 1964-ல் அவர் காலமாகும்போது டீசல் எஞ்சின், டிராக்டர், புத்தகம் விற்கும் ஹிக்கின்பாதம்ஸ் என்று எல்லாம் அதற்குள் இருந்தது. ஆழ்வார்குறிச்சியில் பரமகல்யாணி கல்லூரி அவரால் வந்ததுதான்.

என் தாத்தாவின் கணக்கு நோட்டில் ‘ஆழ்வார்குறிச்சி சவாரி’ என்று எத்தனையோ வரிகள். ஒரு யுத்தகாலத்துக் கரி வண்டி மூச்சிரைக்கப் போய்வந்த அந்த ஊர்க்காரர் ஒருவர், இந்தியாவின் முதல் நீராவி காரைக் கட்டிய பட்டறைக்கு முதலாளியாக அமர்ந்திருக்கிறார். இரண்டும் ஏறக்குறைய ஒரே காலம். இதைத் தாத்தா தெரிந்துகொண்டிருந்தால் எந்தக் கல்யாணப் பந்தியிலும் ரசம் பரிமாறியிருக்கவே முடியாது!

101 வருடத் தூக்கம்

மறுபடியும் அந்தப் பெரம்பூர் எஞ்சினுக்கு வருகிறேன். அதன் பெயர் ‘எக்ஸ்பிரஸ்’. நம்பர் இ.ஐ.ஆர். 21. அதன் ஜாதகத்தைப் பார்த்தால் சொத்துப் பத்திரம் மாதிரியே இருக்கிறது.

லீட்ஸ் நகரில் கிட்சன் கம்பெனி செய்தது. முதல் சொந்தக்காரர் லண்டனில் பதிவான ஈஸ்ட் இந்தியன் ரயில்வே கம்பெனி. 1909 வரை உழைத்துவிட்டு ஓய்வு பெற்றது. ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப் பொருளாக நின்றது. நிற்கும்போதே சொந்தக்காரர்கள் மாறினார்கள். 1925-ல் கம்பெனி நிர்வாகம் போய் சர்க்கார் நிர்வாகம் வந்தது. 1947-ல் சர்க்காரே மாறியது. 1952-ல் கிழக்கு ரயில்வே பிறந்தது. அசையாமல் 101 வருடம் நின்ற எஞ்சின் கடைசியில் பெரம்பூருக்கு வந்தது.

பட்டறை ஆட்கள் கையில் கிடைத்தது கூடுதான். பாய்லர் வேலை, காணாமல் போன பாகங்கள், புது பிரேக் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் செய்து ஓடவைத்தார்கள். 2019-ல் அது நாகர்கோவில் – கன்னியாகுமரிப் பாதைக்கே வந்து ஓடியது. திருநெல்வேலியிலிருந்து கூப்பிடுகிற தூரம்!

அதனுடைய தங்கை எஞ்சினும் உண்டு. ‘ஃபேரி குவீன்’. அதுவும் 1855-ல் பிறந்ததுதான். 1997-ல் மறுபடி ஓட ஆரம்பித்து, உலகிலேயே ஓட்டத்தில் இருக்கும் மிகப் பழைய எஞ்சின் என்று கின்னஸில் இடம்பிடித்தது. அப்பேர்ப்பட்ட ராணியிடமே ஷெட்டில் நின்ற சமயம் பாகங்களைத் திருடிவிட்டார்கள்! மறுபடியும் பெரம்பூர்தான் அடைக்கலம். 2012 டிசம்பரில் மீண்டும் ஓடியது.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ராணியிடம் திருடினவனுக்கு இரும்பின் விலை தெரிந்தது, எஞ்சினின் மதிப்பு தெரியவில்லை. நானும் அதே ரகம்தானே? அவன் இருட்டில் செய்ததை நான் பட்டப்பகலில், தராசு வைத்துச் செய்தேன்.

யோசித்துப் பார்த்தால், ஒரு பழைய வண்டிக்கு எத்தனை சொந்தக்காரர் மாறினாலும் ஆபத்து இல்லை. ‘எக்ஸ்பிரஸ்’ எத்தனை கைமாறியது! ஒவ்வொரு கையிலும் யாரோ ஒருவர், “இது இன்ன எஞ்சின், இதை உருக்காதே” என்று அடுத்தவருக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தாத்தாவின் காருக்கு ஒரே சொந்தக்காரர். அவர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். கேட்க வேண்டிய கைதான் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தது.

புத்தகம் இருக்கு, வண்டி இல்லை

2021-ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடத்தைத் தாண்டி, அசல் உருவம் மாறாமல் இருக்கும் இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை ‘வின்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டிலேயே ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருடத்துக்குச் செல்லும். புதுப்பிக்க 5,000. கண்காட்சி, ஊர்வலம் என்று ஓட்டலாம். வாடகைக்கோ தினசரி ஆபீஸுக்கோ ஓட்டக் கூடாது. பதிவுக்குப் பழைய ஆர்.சி. புத்தகம் முக்கியம்.

நாட்டில் எத்தனையோ பேர் வண்டியை வைத்துக்கொண்டு புத்தகத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

விதி வந்த வருடம் மெக்கானிக் தாத்தாவைப் பார்க்க வீரவநல்லூருக்குப் போனேன். தொண்ணூற்றைத் தாண்டிவிட்டார். காது சுத்தமாகக் கேட்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தைக் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு, “காத்தாடி கைப்பிடி இருக்கா?” என்றார்.

“எல்லாம் போயிருச்சு தாத்தா!” என்று கத்தினேன்.

“அது வண்டியில மாட்டியே இருக்காது தம்பி. தனியாக் கழட்டி வீட்டுக்குள்ள வச்சிருப்பாவ. இல்லைன்னா களவு போயிரும். இம்புட்டு நீளம், இசட் எழுத்து மாதிரி வளைஞ்சிருக்கும், முனையில மரப்பிடி இருக்கும்” என்று கையால் காட்டினார்.

எனக்குப் பொறி தட்டியது. அப்படி ஒரு சாமானை நான் பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறேனே! கல்லிடைக்குறிச்சி வீட்டில் கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இரண்டு வளையத்துக்குள் குறுக்கே ஒரு வளைந்த கம்பியைச் சொருகி வைப்பார்கள். அதன் முனையில் மரப்பிடி, எண்ணெய் இறங்கிக் கறுத்துப்போய்!

அன்றைக்கே போய் அதை உருவினேன். அம்மா பதறிவிட்டாள்.

“ஏல, அதை எங்க கொண்டு போற? ராத்திரி கதவுக்கு எதை வைக்கிறது?”

“இது தாத்தா காரோட கைப்பிடிம்மா.”

“தெரியும்லா. எங்கப்பா எங்கிட்ட குடுத்து, பத்திரமா வச்சுக்கோ தாயின்னு சொன்னதாக்கும் அது. அதான் கதவுல போட்டு வச்சேன். கதவுல இருந்தா எவனும் எடைக்குப் போட மாட்டாம்லா?”

எனக்குப் பேச்சு வரவில்லை. வீட்டில் தாத்தா சொன்னதைக் கேட்ட ஒரு ஆள் இருந்திருக்கிறாள்!

அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் நல்ல தாழ்ப்பாளாக ஒன்று வாங்கிக் கதவில் அடித்துக் கொடுத்தேன். கைப்பிடி இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. தாத்தாவின் நோட்டும் ஆர்.சி. புத்தகமும் பக்கத்திலேயே. மெக்கானிக் தாத்தா சொன்னதையெல்லாம் அதே நோட்டின் காலிப் பக்கங்களில் எழுதிவைத்திருக்கிறேன். எந்தக் காரும் இதனால் ஓடிவிடாது என்பது எனக்கும் தெரியும்.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் ஏதாவது கிடக்கலாம். கார்தான் என்று இல்லை. எண்ணெய் எஞ்சின், மாவு மில் சக்கரம், தாத்தாவின் ராலே சைக்கிள்... இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம் உட்கார்ந்து, “இது என்னது?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. என் தாத்தாவும் தப்பாகத்தான் சொன்னார். அந்தத் தப்பு இல்லாவிட்டால் நான் இவ்வளவு தூரம் தேடியிருக்க மாட்டேன்.

அப்புறம், அந்த மொபெட்டைக் கேட்க மறந்துவிட்டீர்களே! அது இன்னும் வீட்டில்தான் நிற்கிறது. ஸ்டார்ட் ஆகாது. போன மாதம் என் பையன் மெதுவாக ஆரம்பித்தான்: “அப்பா, இதை எடைக்குப் போட்டா என்ன?”

“உட்காருடா, அது என்ன வண்டின்னு முதல்ல சொல்றேன்” என்றேன்.